பழைய லேப்டாப்பிலிருந்து புதிய கணினிக்கு 300 ஜிபி: எந்தக் கட்டளை, ஏன்?

கேள்வி இது: பழைய லேப்டாப்பில் 300 ஜிபி அளவுக்குப் படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன. அதே நெட்வொர்க்கில் இருக்கும் லினக்ஸ் கணினிக்கு அனுப்ப வேண்டும். எஸ்சிபி (நெட்வொர்க் வழியாகக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) போட்டால் பாதியில் அறுந்துவிடுகிறது, திரும்பப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆர்சிங்க்: இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் கட்டளை. அவசரத்தில் இருப்பவர்கள் கீழே உள்ள ஒரு வரியை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் மீதியையும் படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டளையில் ஒரு சாய்கோடு இடம் மாறினாலே கோப்புகள் வேறு எங்கோ போய் உட்கார்ந்துவிடும்.

ஆர்சிங்க் -ஏவிபி படங்கள்/ பயனர்@192.168.1.20:/தரவு/படங்கள்/

(கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். ஏவிபி வரும் இடத்திலெல்லாம் கடைசி பி மட்டும் பெரிய எழுத்து. படங்கள், பயனர், 192.168.1.20, தரவு எல்லாம் எடுத்துக்காட்டுகள், அங்கே உங்களுடையதைப் போடுங்கள்.)

முதலில் எஸ்சிபி ஏன் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். அது 1980-களின் தொடக்கத்தில் பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த ஆர்சிபி என்ற கட்டளையின் வாரிசு. ஆர்சிபி எந்தப் பூட்டும் இல்லாமல் நெட்வொர்க்கில் கோப்பை அனுப்பும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யூலோனன், அங்கே நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டதைப் பார்த்துவிட்டு, இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அதே ஆர்சிபி முறையை எஸ்எஸ்ஹெச்சின் மறைகுறியாக்கத்துக்குள் வைத்ததுதான் எஸ்சிபி. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இங்கிருந்து எடு, அங்கே எழுது. அந்தப் பக்கம் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை, அதனால்தான் அதே பெயரில் கோப்பு இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் மேலேயே எழுதிவிடுகிறது, அறுந்தால் விட்ட இடமும் அதற்குத் தெரியாது.

எஸ்எஸ்ஹெச்சின் பரவலான இலவச வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை உருவாக்குகிறவர்களே 2019-ல் 8.0 பதிப்பை வெளியிட்டபோது, எஸ்சிபியின் நெறிமுறை காலாவதியானது, எளிதில் சரிசெய்ய முடியாதது, எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியாகவே கோப்பு அனுப்பும் இன்னொரு முறை) அல்லது ஆர்சிங்க் பயன்படுத்துங்கள் என்று எழுதினார்கள். 2022-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்து, நீங்கள் எஸ்சிபி என்று அடித்தாலும் உள்ளே ஓடுவது எஸ்எஃப்டிபி நெறிமுறைதான். பழைய ரவுட்டர் மாதிரிச் சில சின்ன சாதனங்களில் எஸ்எஃப்டிபி சர்வர் இருக்காது, அங்கே புது எஸ்சிபி திடீரென்று வேலை செய்யாமல் போகும். அப்போது -ஓ (பெரிய எழுத்து) போட்டால் பழைய முறைக்குத் திரும்பும்.

இதையெல்லாம் சொன்னதால் எஸ்சிபியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரே ஒரு கோப்பு, சில நூறு எம்பி, உடனே அனுப்ப வேண்டும் என்றால் இன்றும் அதுதான் வசதி:

எஸ்சிபி அறிக்கை.பிடிஎஃப் பயனர்@192.168.1.20:

கடைசியில் இருக்கும் அந்த முக்காற்புள்ளியைக் கவனியுங்கள். அதற்குப் பின்னால் பாதை எதுவும் இல்லையென்றால் அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டருக்குப் போகும். முக்காற்புள்ளியையே விட்டுவிட்டால் நெட்வொர்க்கை அது தொடவே தொடாது. "பயனர்@192.168.1.20" என்ற பெயரில் உங்கள் கணினியிலேயே ஒரு நகல் உருவாகும், பிழைச் செய்தியும் வராது, கட்டளை ஒரு நொடியில் முடிந்துவிடும். "போயிடுச்சு, ஆனா அங்க காணோம்" என்று யாராவது சொன்னால் முதலில் அவர்கள் கணினியிலேயே எல்எஸ் (கோப்புப் பட்டியல் காட்டும் கட்டளை) அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது போர்ட். எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான போர்ட் (இணைப்பு உள்ளே நுழையும் கதவு எண்) 22. அதை 2222 என்று மாற்றி வைத்திருந்தால், எஸ்எஸ்ஹெச் கட்டளைக்குச் சின்ன -பி, எஸ்சிபிக்கும் எஸ்எஃப்டிபிக்கும் பெரிய -பி. எஸ்சிபியில் சின்ன -பி என்பது கோப்பின் தேதியையும் அனுமதிகளையும் அப்படியே வைத்திருக்கச் சொல்வது, ஆர்சிபி காலத்திலேயே அந்த எழுத்து அதற்குப் போய்விட்டது. ஆர்சிங்க்கில் இந்த இரண்டு எழுத்தும் போர்ட்டைக் குறிக்காது, -இ 'எஸ்எஸ்ஹெச் -பி 2222' என்று மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். தினமும் இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஹோம் ஃபோல்டரில் .எஸ்எஸ்ஹெச் என்பதன் உள்ளே இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு செல்லப்பெயர், அதன் முகவரி, பயனர், போர்ட் நான்கையும் ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் எல்லாக் கட்டளையிலும் அந்தச் செல்லப்பெயர் போதும், ஆர்சிங்க்கும் அதைப் புரிந்துகொள்ளும்.

சரி, ஆர்சிங்க்குக்கு வருவோம். 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் வெளியிட்டது. ட்ரிட்ஜெல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்விலும் இந்த அல்காரிதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அது செய்வது இரண்டு கட்டம். முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பக்கத்திலும் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாண்டிப் போய்விடும், திறந்துகூடப் பார்க்காது. வேறாக இருந்தால் இரண்டாம் கட்டம்: அந்தப் பக்கம் இருக்கும் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) போட்டு அனுப்பும். இந்தப் பக்கம் அந்தச் செக்சம்கள் எங்கெல்லாம் பொருந்துகின்றன என்று ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடி, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்பும். கோப்பின் நடுவில் நான்கு எழுத்து சேர்த்து மீதி எல்லாம் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும், அதுதான் அந்த அல்காரிதத்தின் அழகு.

உங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. எஸ்சிபி ஏற்கனவே அனுப்பிய பாதியை அழிக்க வேண்டாம். எஸ்சிபியில் சின்ன -பி போடாமல் அனுப்பியிருந்தால் அங்கே இருக்கும் கோப்புகளின் தேதி மாறியிருக்கும், அதனால் ஆர்சிங்க் அவற்றைத் தாண்டிப் போகாது, இரண்டாம் கட்டத்துக்குப் போகும். ஆனால் உள்ளே எல்லாம் பொருந்துவதால் நெட்வொர்க்கில் போவது மிகக் குறைவு, டிஸ்க் மட்டும் கொஞ்சம் உழைக்கும், கடைசியில் தேதியும் சரியாகிவிடும். பாதியில் நின்ற அந்த ஒரு வீடியோவும் விட்ட இடத்திலிருந்து நிறைவாகும்.

இப்போது அந்தச் சாய்கோடு. மூலத்தின் கடைசியில் சாய்கோடு போட்டால், அதாவது "படங்கள்/" என்றால், ஃபோல்டரின் உள்ளே இருப்பதை மட்டும் எடு என்று பொருள். சாய்கோடு இல்லாமல் "படங்கள்" என்றால் ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போ என்று பொருள். சேரும் இடம் /தரவு/படங்கள்/ என்று இருக்கும்போது மூலத்தில் சாய்கோட்டை விட்டால், அங்கே போய்ப் பார்த்தால் /தரவு/படங்கள்/படங்கள்/ என்று இருக்கும். முதல் நாள் சாய்கோட்டுடன், மறுநாள் சாய்கோடு இல்லாமல் ஓட்டினால் 300 ஜிபியும் இரண்டாவது முறையாகப் போக ஆரம்பிக்கும். சேரும் பக்கத்தில் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை, மூலத்தில்தான் எல்லாம். சிலர் இதற்குப் பதிலாக "படங்கள்/*" என்று நட்சத்திரம் போடுவார்கள், அது வேண்டாம். ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) அந்த நட்சத்திரத்தை விரிக்கும்போது, புள்ளியில் ஆரம்பிக்கும் மறைவுக் கோப்புகளை விட்டுவிடும்.

சந்தேகம் இருந்தால் -என் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் அனுப்பாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் பட்டியல் காட்டும். --டெலிட் போடும்போது இது கட்டாயம் என்றே சொல்வேன். --டெலிட் என்றால் மூலத்தில் இல்லாத எதுவும் சேரும் இடத்திலும் இருக்கக்கூடாது என்று அர்த்தம். மூலம் ஒரு வெளி டிஸ்க், அது அன்றைக்கு மவுண்ட் ஆகவில்லை, அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சிங்க் கண்ணுக்கு நீங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்கள், அதனால் அதுவும் உங்கள் பேக்கப் முழுவதையும் நேர்மையாக அழித்துவிடும். உங்கள் வேலைக்கு --டெலிட் தேவையே இல்லை, போடாதீர்கள்.

மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். -ஏ என்பது உள் ஃபோல்டர்கள், சிம்பாலிக் லிங்குகள், அனுமதிகள், தேதிகள், உரிமையாளர், குழு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும். ஹார்டு லிங்குகளை வைத்திருக்காது, அதற்குப் பெரிய -ஹெச் தனியாக வேண்டும். உரிமையாளரைக் காப்பாற்ற அந்தப் பக்கம் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் உங்கள் பெயரில் எழுதப்படும், வீட்டுப் படங்களுக்கு அதுவே போதும். -வி ஒவ்வொரு பெயராகக் காட்டும். பெரிய -பி இரண்டு வேலை செய்கிறது: எத்தனை சதவீதம் போனது என்று காட்டுவது, அறுந்தால் பாதிக் கோப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது. இது இல்லாமல் அறுந்தால், ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதிக்கொண்டிருந்த கோப்பை அழித்துவிட்டுத்தான் வெளியேறும், 20 ஜிபி வீடியோ 19-ல் அறுந்தால் அந்த 19-ம் போச்சு. இது இருந்தால் பாதிக் கோப்பு தன் உண்மையான பெயரிலேயே அங்கே இருக்கும், அதனால் மறுபடி ஓட்டி முடிக்கும்வரை அந்த ஃபோல்டரில் இருப்பதை முழுமையானது என்று நம்பிவிடாதீர்கள்.

-இசட் சுருக்கி அனுப்பும். லாக் கோப்புகள், உரை, டேட்டாபேஸ் டம்ப் இவற்றுக்கு அருமையானது. ஜேபெக்கும் எம்பி4-ம் ஏற்கனவே சுருக்கப்பட்டவை, அவற்றைத் திரும்பச் சுருக்கினால் பிராசஸருக்கு வெட்டி வேலை. உங்கள் படங்களுக்கு வேண்டாம்.

சேரும் இடம் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 பென்டிரைவாக இருந்தால் -ஏ வேண்டாம், யூனிக்ஸ் அனுமதிகளை அங்கே வைக்க இடமே இல்லை, வரிவரியாகப் பிழை கொட்டும். -ஆர்டிவி போதும். ஃபேட்32-ல் நேரம் இரண்டு விநாடித் துல்லியத்தில்தான் பதிவாகும் என்பதால் --மாடிஃபை-விண்டோ=1 சேர்க்காவிட்டால் மாறாத கோப்பையும் மாறியதாக நினைத்து ஒவ்வொரு முறையும் அனுப்பும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பையும் ஃபேட்32 ஏற்காது.

வேகம் பற்றி ஒரு கணக்கு. நெட்வொர்க் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், கோப்பளவைப் பைட்டில் சொல்கிறார்கள், நடுவில் 8-ஆல் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் கேபிள் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி, 300 ஜிபிக்குக் குறைந்தது ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகும். கிகாபிட் என்றால் அதிகபட்சம் 125 எம்பி, நடைமுறையில் 110 பக்கம் கிடைக்கும், முக்கால் மணியில் முடிந்துவிடும். கேபிள் கிகாபிட்தான், ஆனால் 11 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது என்றால் கட்டளையைக் குறை சொல்ல வேண்டாம், நடுவில் எங்கோ ஒரு பழைய சுவிட்சோ பழுதான கேபிளோ இணைப்பை 100-க்கு இறக்கியிருக்கிறது. வைஃபையில் அறுந்துகொண்டே இருந்தால் ஒரு நாளைக்காவது கேபிள் போட்டுவிடுங்கள், கட்டளையில் செய்யும் எந்த மாற்றத்தையும்விட இது அதிகம் உதவும்.

லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் திறக்க, மூட, பெயர் சொல்ல ஆகும் நேரம்தான் மொத்த நேரத்தையும் தின்னும், எஸ்சிபியில் இது நன்றாகவே உறைக்கும். அப்போது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாரையும் எஸ்எஸ்ஹெச்சையும் | என்ற குழாயில் இணைக்கலாம்:

டார் சிஎஃப் - படங்கள் | எஸ்எஸ்ஹெச் பயனர்@192.168.1.20 'டார் எக்ஸ்எஃப் - -சி /தரவு'

கடைசியில் வரும் -சி மட்டும் பெரிய எழுத்து, அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பிரி என்று சொல்கிறது. இந்தப் பக்கம் எல்லாக் கோப்பும் ஒரே ஓட்டமாக மாறி, அந்தப் பக்கம் திரும்பக் கோப்புகளாகப் பிரிகிறது, நடுவில் எந்த டிஸ்கிலும் டார் கோப்பு உருவாவதே இல்லை. அறுந்தால் தொடராது, உண்மைதான். ஆனால் டார் தேதிகளை அப்படியே வைப்பதால், அறுந்த பிறகு மேலே சொன்ன ஆர்சிங்க்கை ஓட்டினால் வந்தவற்றைத் தாண்டி மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். பெரிய வேலைக்கு எனக்குப் பிடித்த ஜோடி இதுதான்.

அறுந்தால் தானாகவே திரும்ப முயல வேண்டுமா? பாஸ்வேர்டு கேட்காத நிலைக்கு முதலில் வர வேண்டும். எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி இடி25519 என்று ஒரு சாவி ஜோடி உருவாக்கி, எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி மூலம் பொதுச் சாவியை அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். அதன்பிறகும் பாஸ்வேர்டு கேட்டால், அங்கே .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரின் அனுமதி 700, அதற்குள் அங்கீகரிக்கப்பட்ட சாவிகளின் கோப்பு 600 என்று இருக்கிறதா பாருங்கள், அனுமதி தளர்வாக இருந்தால் சர்வர் அந்தச் சாவியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். சாவி சரியாகிவிட்டால் ஷெல்லிலேயே ஒரு சுற்று போடலாம்:

அன்டில் ஆர்சிங்க் -ஏவிபி --டைம்அவுட்=60 படங்கள்/ பயனர்@192.168.1.20:/தரவு/படங்கள்/; டூ ஸ்லீப் 10; டன்

வெற்றியாக முடியும்வரை பத்து விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும். நிறுத்த கன்ட்ரோல்-சி. ஓடவிட்டுத் தூங்கப் போகும் முன் லேப்டாப்பின் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். வேறொரு கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் அங்கிருந்து ஓட்டுவதானால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், உங்கள் இணைப்பு போனாலும் வேலை நிற்காது.

முதல்முறை இணையும்போது ஒரு கைரேகை வரியைக் காட்டி ஆமாவா இல்லையா என்று கேட்கும், எல்லோரும் படிக்காமல் ஆமா போடுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் கணினிக்குப் பெரிய ஆபத்தில்லை. வெளியில் இருக்கும் சர்வர் என்றால் அதைக் கொடுத்தவரிடம் கேட்டு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள், எஸ்எஸ்ஹெச்சின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

பழைய லேப்டாப் விண்டோஸா என்று நீங்கள் சொல்லவில்லை. விண்டோஸ் 10-ல் 2018 முதல் எஸ்எஸ்ஹெச், எஸ்சிபி, எஸ்எஃப்டிபி மூன்றும் கூடவே வருகின்றன, ஆர்சிங்க் வராது. ஆர்சிங்க் இரண்டு பக்கமும் நிறுவப்பட்டிருக்க வேண்டும், இதை மறக்காதீர்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் ஓட்டுவது நல்ல வழி. அது வேண்டாம் என்றால் லினக்ஸ் பக்கம் சாம்பா பங்கு (விண்டோஸிலிருந்து திறக்கக்கூடிய பகிர்வு ஃபோல்டர்) ஒன்றைத் திறந்து, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை /இ /இசட் போட்டு ஓட்டுங்கள், அதுவும் மாறாததைத் தாண்டும், அறுந்ததைத் தொடரும். /மிர் என்பது அதன் --டெலிட், அதே எச்சரிக்கை.

மேக் என்றால் இன்னொரு சிக்கல், தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் "தொகுப்பு" என்ற பெயரில் உள்ள "தொ"-வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாக வைக்காமல், முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் என இரண்டு யூனிகோடு குறிகளாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸில் பெயர் வெறும் பைட் வரிசை, அதனால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு "தொகுப்பு" ஃபோல்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். மேக்கிலிருந்து அனுப்பும்போது --ஐகான்வி=யூடிஎஃப்-8-மேக்,யூடிஎஃப்-8 சேர்த்தால் தீர்ந்துவிடும். இந்த வசதி ஆர்சிங்க் 3.0-ல்தான் வந்தது, மேக்கில் நீண்ட காலம் கூடவே வந்தது 2006-ன் 2.6.9 பதிப்பு, அதனால் ஹோம்ப்ரூ (மேக்கில் நிரல்களை நிறுவும் கருவி) மூலம் புதியதை நிறுவிக்கொள்ளுங்கள்.

நெட்கேட், பைத்தானின் ஹெச்டிடிபி சர்வர் இரண்டையும் பலர் பரிந்துரைப்பார்கள். இரண்டும் வேகமானவை, இரண்டிலும் மறைகுறியாக்கமோ பாஸ்வேர்டோ இல்லை, அதே வைஃபையில் இருக்கும் யாரும் எடுக்கலாம். நம்பகமான கேபிளில் ஒரு ஐஎஸ்ஓ கோப்பை நகர்த்தப் பரவாயில்லை. குடும்பப் படங்களுக்கு வேண்டாம். எஃப்டிபியும் அப்படியே, பாஸ்வேர்டைத் திறந்தபடி அனுப்பும் 1971-ல் பிறந்த நெறிமுறை அது.

எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு கடைசியாக ஒன்று:

ஆர்சிங்க் -ஏஎன்சிஐ படங்கள்/ பயனர்@192.168.1.20:/தரவு/படங்கள்/

இங்கே எல்லாமே சின்ன எழுத்து. -சி அளவையும் தேதியையும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்துச் செக்சம் ஒப்பிடும், -என் இருப்பதால் எதையும் அனுப்பாது, -ஐ வேறுபாட்டை மட்டும் ஒரு வரியில் காட்டும். 300 ஜிபியையும் படிக்க வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும், பொறுங்கள். எதுவும் அச்சிடாமல் முடிந்தால் இங்கே உள்ள எல்லாம் அங்கேயும் அப்படியே இருக்கிறது. ஏதாவது வரி வந்தால் அந்தக் கோப்பை இரண்டு பக்கமும் திறந்து பார்த்துவிட்டு, -என் மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். அதுவரை பழைய லேப்டாப்பில் கை வைக்க வேண்டாம்.